சுங்கை சிப்புட்டுக்கு அக்கா வந்தால்: தோட்டத்து டவுனிலிருந்து ஊர் சுற்றிக்காட்ட முழு வழிகாட்டி

இது தமிழ்நாட்டிலிருந்து வந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் குடியிருப்பவர்களுக்கு. ஊரிலிருந்து அக்காவோ தங்கையோ இரண்டு வாரத்துக்கு வருகிறார். உங்களுக்கோ வேலை இருக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் எழுதும் பயணக் குறிப்புகள் நமக்கு ஒத்துவராது. அவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே ரயில். நமக்கு இருட்டிவிட்டால் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) வண்டி கிடைப்பதே சந்தேகம்.

இங்கே விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அலையும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இடங்களைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வரிசையைத்தான் தப்பாகப் போடுகிறார்கள். இறங்கிய அன்றே பத்து மலை, மறுநாள் பெட்டி படுக்கையோடு ரயில், அதற்கடுத்த நாள் பினாங்கு என்று ஓடுவார்கள். பாதி விடுமுறையில் கால் வீங்கி எல்லாரும் வீட்டில் படுத்துக்கிடப்பார்கள். பக்கத்து ஊர்கள் முதலில், தூரத்து ஊர் நடுவில், கோலாலம்பூர் கடைசியில். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகிறது.

1. விமான டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்

முதலில் காலாவதித் தேதி. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியர்கள் சுற்றிப்பார்க்க விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய தேதி என்றால் புது அறிவிப்பைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

அடுத்தது ஈ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டிலும், சான்றிதழ் காட்டாமல் எடுத்த பழைய பாஸ்போர்ட்டிலும் இந்தக் குறிப்பு இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் இந்திய அரசின் அனுமதி பெறவேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றிப்பார்க்க வருபவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் புறப்படும் விமான நிலையத்தில் கேள்விகள் கூடும். அக்கா தனியாக வருகிறார் என்றால் திரும்பும் டிக்கெட், உங்கள் முகவரி, உங்கள் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்கள் எல்லாம் காகிதத்தில் கையில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் சார்ஜ் இருக்காது.

மூன்றாவது பெயர். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட் போடும் அவசரத்தில் முன்பின்னாக மாற்றி எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். வாட்ஸாப்பில் தட்டச்சு செய்து வரும் பெயரை நம்ப வேண்டாம்.

2. தேதியும் விமான நேரமும்

தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் ஈ.டி.எஸ். என்ற நீண்டதூர மின்சார ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. தைப்பூசம் பார்க்கவே வருகிறார் என்றால் சரி, இல்லையென்றால் ஒதுங்குங்கள். பேராக்கில் ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை வலுக்கும். மழைக்காக வருகையையே தள்ளிப்போட வேண்டாம், வெளிவேலையைக் காலையில் வைத்துக்கொண்டால் போதும்.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இரவில் ஏறிக் காலையில் இறங்கும் விமானத்தையே பாருங்கள். சாயங்காலம் இறங்கினால் நம் ஊருக்கு வரும் கடைசி ரயில் போய்விட்டிருக்கலாம், ஓர் இரவு ஓட்டல் செலவு சேரலாம்.

உங்கள் லீவைக் கடைசி நாலைந்து நாளுக்கு வையுங்கள். வந்த முதல் இரண்டு நாள் அக்கா தூங்கத்தான் போகிறார், அதற்கு எதற்கு உங்கள் லீவு?

3. ஊரிலிருந்து கிளம்பும் முன் அக்கா செய்யவேண்டியவை

எம்.டி.ஏ.சி. என்ற மின்னணு வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடும்போது காசு கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும், அவை அரசுத் தளம் அல்ல. குடிநுழைவுத் துறையின் தளத்துக்குப் போய் நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். தங்கும் முகவரியில் உங்கள் வீட்டு முகவரியை 31100 என்ற அஞ்சல் எண்ணோடு எழுதுங்கள். வெறும் தோட்டப் பெயர் போதாது.

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதை ஊரிலேயே திறந்துவிட வேண்டும். இங்கே வந்தபின் முயன்றால் ஓ.டி.பி. வரும் இந்திய எண் ரோமிங்கில் இருக்காது, அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

பயணக் காப்பீட்டை இந்தியாவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்தான். தினம் போடும் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துவரட்டும். டப்பாவில் கொட்டிக்கொண்டு வரவேண்டாம்.

இந்திய பிளக் இங்கே பொருந்தாது. மூன்று செவ்வக முனை கொண்ட பிளக்தான் வேண்டும், அதை நீங்களே வாங்கி வையுங்கள்.

என்ன கொண்டுவரக் கூடாது என்பதில்தான் சண்டையே வரும். பழம், செடி, விதை, இறைச்சி எல்லாவற்றுக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பறித்துக்கொள்வார்கள். கறிவேப்பிலைக் கட்டோடு வந்து சுங்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கே தோட்டத்து வீடுகளில் பாதிக்குமேல் கொல்லையில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. பொடி வகை, முறுக்கு, அதிரசம், புடவை போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. விமான நிலையத்திலிருந்து வீடு

கே.எல்.ஐ.ஏ. என்ற கோலாலம்பூர் விமான நிலையத்தில் முனையம் 1, முனையம் 2 என்று இரண்டு. ஏர் ஏசியா 2-இல் இறங்கும். அதைப் பார்க்காமல் போனால் நீங்கள் ஒரு கட்டடத்தில், அக்கா இன்னொரு கட்டடத்தில்.

முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் நேரில் போய் அழைத்துவாருங்கள். அங்கிருந்து வேக ரயிலில் கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் அரை மணி நேரம், பிறகு ஈ.டி.எஸ்.ஸில் சுங்கை சிப்புட். வேக ரயில் டிக்கெட் விலை கூடுதல், பஸ் மலிவு. விமான நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு நேராகவே பஸ் உண்டு. பெட்டி நிறைய இருந்து, ஈப்போவில் அழைத்துப்போக ஆள் இருந்தால் எனக்குப் பிடித்தது அந்த பஸ்தான். பெட்டியை ஒரே ஒருமுறை ஏற்றி இறக்கினால் போதும்.

ரயிலில் மூன்று விஷயம் கவனியுங்கள். எல்லா ஈ.டி.எஸ்.ஸும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. நம் ஊரைச் சேரும் இடமாகப் போட்டே தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஈப்போ வரைக்கும் எடுங்கள். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் எண் கேட்கும், அதைக் குறித்து வையுங்கள். விமானம் இறங்குவதற்கும் ரயில் புறப்படுவதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது, ரயிலோ காத்திருக்காது. இன்னொன்று, ரயில் பெட்டிக்குள் ஏ.சி. குளிர் எலும்பைத் தொடும். ஒரு சால்வை பையில் மேலாக இருக்கட்டும்.

5. முதல் இரண்டு நாள்: ஊரைவிட்டு நகராதீர்கள்

மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஏழு என்றால் அக்காவின் உடம்புக்கு அது நாலரை மணி. பொழுது விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். ஆகவே முதல் நாள் காலை எந்தத் திட்டமும் வேண்டாம். சாயங்காலம் டவுனில் ஒரு நடை, கோயில், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளாக இருந்தால் அங்கே ஒரு சுற்று.

அக்கா முதலில் செய்யும் வேலை ரிங்கிட்டை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது. ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) விலையைக் கேட்டதும் வீட்டிலேயே டீ போட்டுக்கொள்ளலாம் என்பார். எல்லாச் செலவையும் நீங்களே செய்தாலும் மனசு கேட்காது. காய்கறி, பூ, பழம் அவர் கணக்கு என்று விட்டுவிட்டால் வீட்டில் அமைதி இருக்கும்.

சைவம் என்றால் ஓர் எச்சரிக்கை. கடையில் "சைவம்தான்" என்று கொடுக்கும் கீரைப் பொரியலில்கூட பெலாச்சான் இருக்கலாம், அது இறாலில் செய்வது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு தரும் சம்பாலில் நெத்திலி இருக்கும். விரத நாளில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் காலை பால்மர (ரப்பர்) தோட்டம். சுற்றுலாத் தலங்களில் கிடைக்காத காட்சி இது, நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனால் பலர் ஒன்பது மணிக்குக் கிளம்பிப்போய் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மரம் வெட்டும் வேலை, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவுவது, விடியும் முன்பே தொடங்கிவிடும், ஏனென்றால் வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டமாட்டார்கள். அதனால் முதல் நாள் இரவே வானத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்த சிறுதோட்டக்காரரிடம் சொல்லிவைத்து, ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள்.

வெட்டுபவர் முதலில் பழைய கீறலில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை நூல்போல உரித்துப் பையில் போடுவார். அப்புறம் கத்தியைச் சரிவாக வைத்து ஓர் இழை பட்டையைச் சீவுவார், மிக மெல்லியதாக. ஒன்றிரண்டு நொடி ஒன்றும் தெரியாது. பிறகு கீறல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, கோடாகச் சேர்ந்து, தகரத்தில் வழிந்து மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) சொட்டும். அக்காவை அதுவரை பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். டார்ச்சை வெட்டுபவர் முகத்தில் அடிக்க வேண்டாம், படம் எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள்.

பெரிய தோட்டங்கள் கம்பெனி நிலம், காவலரிடம் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். கொசு அப்படி. செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் குலை வெட்டும் இடத்துக்கு அருகே நிற்கவே நிற்காதீர்கள், ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல்கூட இருக்கும்.

6. அரை நாள் பயணம்: கோலகங்சார், காராய்

முதல் வெளியூர்ப் பயணம் சிறியதாக இருக்கட்டும். அக்கா எவ்வளவு நடப்பார், வண்டியில் தலை சுற்றுமா என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். பினாங்குப் படிக்கட்டில் போய்த் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

கிராப் என்றால் போகவர ஒரே காரைப் பேசிக்கொள்ளுங்கள். போக வண்டி கிடைக்கும், காராய் மாதிரி இடத்திலிருந்து திரும்பக் கிடைக்காது.

காலையில் உபுடியா மசூதி. 1917-இல் கட்டி முடித்தது. தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் போகாதீர்கள். தலைமறைக்கத் துப்பட்டா ஒன்று எடுத்துப்போங்கள். அப்படியே மாவட்ட அலுவலகம் பக்கம் நிற்கும் பழைய பால்மரத்தைப் பாருங்கள். 1877-இல் இங்கே வந்த முதல் கன்றுகளில் எஞ்சியது என்று சொல்லப்படும் மரம். தோட்டத்தைப் பார்த்த பிறகு இதைப் பார்த்தால்தான் ருசி, முதலில் காட்டினால் வேலி போட்ட இன்னொரு மரம்தான். பக்கத்துச் சாயோங்கில் கறுப்பு மண் கூஜா வாங்கலாம்.

மழை விட்டபின் மாலையில் காராய் விக்டோரியா பாலம். 1900-இல் திறந்த ரயில் பாலம். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் ஓடுகிறது, பழையதன் ஓரத்து நடைபாதையில் பேராக் ஆற்றைப் பார்த்தபடி நடக்கலாம்.

7. ஒரு முழு நாள்: ஈப்போ

காலையில் முதல் வேலையாக பத்து காஜா பக்கமுள்ள கெல்லி கோட்டை. மேலே நிழல் கிடையாது, பத்தரைக்குமேல் சுட்டெரிக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், உங்களுக்கு எந்தக் கட்டணம் என்பது உங்கள் பெர்மிட்டைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்துபோக, பாதியில் நின்ற மாளிகை இது. பெரும்பாலோர் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி அவருடைய தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. விஷக்காய்ச்சலில் பலர் மாண்டபோது கேட்டு வாங்கிய கோயில். அதன் கூரைச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அக்காவிடம் விடுங்கள்.

மதியம் ஈப்போவில் சாப்பாடு. பிற்பகலுக்குக் குகைக் கோயில், மழை வந்தாலும் கவலையில்லை. முழங்கால் வலி என்றால் கெக் லோக் தோங், உள்ளே அதிகம் ஏற வேண்டாம், பின்னால் குளமும் தோட்டமும் உண்டு. கால் நன்றாக இருந்தால் பேராக் தோங், படி ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். இரண்டும் மாலையில் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் ஷாப்பிங்கை இதற்கு அப்புறம் வையுங்கள்.

8. பினாங்கா, கேமரன் மலையா? ஒன்றுதான்

இரண்டையும் திணிக்காதீர்கள். கார் இல்லை என்றால் பினாங்கு: பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து படகு. ஓர் இரவு தங்குங்கள், ஒரே நாளில் போய்வந்தால் ரயிலைத்தான் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேல் படி, விடிகாலையில் ஏறுங்கள். பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு வார நாளே நல்லது, டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

கார் இருந்தால் கேமரன் மலை, சிம்பாங் பூலாய் வழியாக. தாப்பா வழியைவிட வளைவு குறைவு. வாரக் கடைசியில் பிரிஞ்சாங்கில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அக்கா ஊட்டி, கொடைக்கானல் பார்த்துச் சலித்தவர் என்றால் தேயிலைக்காக இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை, பினாங்குக்கே போங்கள்.

9. கடைசி இரண்டு இரவு: கோலாலம்பூர்

விமானம் ஏற எப்படியும் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும். நடுவில் ஒருமுறை போய்வந்தால் ரயில் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு. விமானத்துக்கு முந்திய நாளே அங்கே இருந்தால், ரயில் தாமதித்தாலும் வயிற்றில் நெருப்பில்லை. ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள், திரும்பி வரப்போவது நீங்கள் மட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுங்கள். கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து போகலாம், நம் சாப்பாடு கிடைக்கும், பெட்டியை ஓட்டலில் விட்டுச் சுற்றலாம். வெளிநாட்டவர் தங்கினால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது, கேட்டதும் திடுக்கிடாதீர்கள்.

மறுநாள் காலை பத்து மலை. கே.எல். சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் (புறநகர்) ரயில் நேராகப் போகும். அடிக்கடி ஓடாது, முந்திய நாள் நேரம் பார்த்து வையுங்கள். 272 படி. எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கினால் நிழலும் இருக்கும், கூட்டமும் இராது. முழங்கால் மூடும் உடை வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரத்தில் துணி வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். கையில் பிளாஸ்டிக் பை கூடாது, பூவோ தேங்காயோ குரங்கு பிடுங்கிவிடும். மூக்குக்கண்ணாடியையும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற முடியாதவர் கீழே 42.7 மீட்டர் முருகன் சிலையருகிலும் அடிவாரச் சன்னதிகளிலும் இருக்கலாம். நீங்கள் மேலே போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவது வரை உட்கார நிழலான இடம் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மதியம் ஓய்வு. மாலையில் மஸ்ஜித் இந்தியா கடைகள், இருட்டியதும் கே.எல்.சி.சி. பூங்காவிலிருந்து இரட்டைக் கோபுரம். மேலே ஏறும் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் கடையில் நன்றாக இரண்டு வேளை சாப்பிடலாம் என்பது என் எண்ணம். கீழிருந்து பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

10. திரும்பும் நாள்

ஷாப்பிங்கையும் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் எடை. ஓட்டல் அறையில் கைத்தராசு ஒன்று இருக்கட்டும். வெள்ளைக் காப்பிப் பொட்டலங்கள், பிஸ்கட் எல்லாம் பெட்டியில், சாயோங் கூஜா துணி சுற்றிக் கைப்பையில். கைப்பைக்கும் எடை வரம்பு உண்டு. கவுன்டரில் கட்டும் கூடுதல் கட்டணம், முன்பே இணையத்தில் வாங்குவதைவிடப் பல மடங்கு. பத்து கிலோ கூடும் என்று தோன்றினால் முந்திய இரவே வாங்கிவிடுங்கள்.

அக்கா ஊரிலிருந்து நகை நிறையப் போட்டு வந்திருந்தால், கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். திரும்பும்போது இங்கே வாங்கியது இல்லை என்று காட்ட அதுதான் ஆதாரம். அது இல்லையென்றால் பழைய ரசீதையோ, அந்த நகை போட்ட பழைய படங்களையோ போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்று மணி நேரம் முன்னதாக முனையத்தில் இருங்கள். தப்பான முனையத்தில் இறங்கிவிட்டாலும் பயமில்லை, அதே வேக ரயிலில் ஒரு நிறுத்தம்தான். மிச்ச ரிங்கிட்டை அக்காவிடமிருந்து நீங்களே வாங்கிக்கொண்டு ரூபாயாக அனுப்பிவிடுங்கள், விமான நிலைய மாற்று விலை நஷ்டம்.